இருபத்தைந்து நிமிடக் கடன்

என் தையல் மெஷின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது ஒரு வியாழக்கிழமை. ஒட்டிய மனிதர் செருப்பை வாசலில் கழற்றினார், உள்ளே வரலாமா என்று கேட்டார், நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கூட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஒட்டினார். இவ்வளவு மரியாதையான ஆளை எந்த வார்த்தையில் திட்டுவது என்று நான் தேடி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கென்று பார்த்து அது எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

"திங்கக்கிழமை காலைல வண்டி வரும்மா. அதுவரைக்கும் நீங்க தாராளமா தைச்சுக்கலாம். ஸ்டிக்கர் மட்டும் கிழியாம பாத்துக்குங்க" என்றார்.

அவர் கடன் கம்பெனி ஆள். என் கணவர் அந்தக் கம்பெனியில் கடன் வாங்கியிருந்தார். ஒரு தவணை கட்டினார், அப்புறம் மூன்று தவணை கட்டவில்லை. எதற்கு வாங்கினார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கடிகாரம் வாங்க. கையில் கட்டுகிற கடிகாரமில்லை, சுவரில் மாட்டுகிறதுமில்லை. கோபுரக் கடிகாரம். கோபுரம் இல்லாத கோபுரக் கடிகாரம். எங்கோ ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது அதை உடைத்து இரும்புக் கடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதறிப்போய்க் கடன் வாங்கி மீட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதன் முகம் மட்டும் என்னைவிட ஒரு சாண் உயரம். ஓதம் ஏறிய சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அதைப் படுக்கையறைக்குள் இறக்கினார். அடுத்த வாரம் சுவர் எழும்பிவிட்டது. கடிகாரம் உள்ளே நின்றுவிட்டது. நாங்கள் பெரிய முள்ளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறோம்.

"அதை எடுத்துட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்" என்று ஸ்டிக்கர்காரரிடம் சொன்னேன்.

"பாத்தேம்மா. வாசல்ல நுழையாது. சுவத்தை இடிக்கிற செலவு கம்பெனி தராது" என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது. "மெஷின்னா ரெண்டு பேரு சேந்தா தூக்கிடலாம்."

அந்த மெஷின் என் மெஷின். ஏழு வருடம் ஊரார் கால்சட்டைக்கெல்லாம் நீளம் குறைத்து, இடுப்புப் பிடித்து, அறுந்த ஜிப் மாற்றி, ஒரு காசு இரண்டு காசாகச் சேர்த்து வாங்கியது. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால் வாங்கியது. அது போய்விட்டால் நான் மறுபடி யாரோ ஒருவருடைய கடையில் பட்டன் தைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்போதுதான் மூக்கு நுனிக்கு உயிர் வந்தது.

"இங்க பாருங்க. கடன் வாங்கினது அவரு. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

ஸ்டிக்கர்காரரின் முகம் மலர்ந்தது. "முன்னாடின்னா நீங்க பொறுப்பே இல்லம்மா! எங்க ரூல் புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கு. முன்னாடி வாங்கினது வாங்கினவங்களோடது. பின்னாடி வாங்கி வீட்டுக்குப் பயன்பட்டா ரெண்டு பேரோடது. இது பின்னாடி வாங்கினது. படுக்கையறைல இருக்கறதால வீட்டுச் சாமான்."

"என்னது, பின்னாடியா?"

அவர் ஃபைலைத் திறந்து இரண்டு காகிதங்களை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எங்கள் கல்யாணப் பதிவு. இன்னொன்று கடன் பத்திரம். இரண்டிலும் ஒரே தேதி. கல்யாணம் பதிவான நேரம் பத்து இருபத்தெட்டு. கடன் பத்திரத்தில் கம்பெனியின் முத்திரை மெஷின் குத்திய நேரம் பத்து நாற்பது.

"கல்யாணமாகிப் பன்னெண்டாவது நிமிஷம் வாங்கியிருக்காரும்மா" என்றார்.

அன்று நடந்தது எனக்குத் தெரியும். பதிவு அலுவலக பெஞ்சில் நானும் சித்தியும் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார், கட்டைவிரலில் முத்திரை மை. "கடன் கம்பெனில கையெழுத்துப் போட்டுட்டு வரேன், எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்" என்றார். அப்புறம்தான் கல்யாணம். கல்யாணம் முடிந்து நாங்கள் மூவரும் எதிர்க் கடையில் டீ குடித்தோம். பன்னிரண்டாவது நிமிடம் அவர் கையில் டீ இருந்தது, பேனா இல்லை.

"ஏதோ ஒரு கடிகாரம் தப்பு!" என்று கத்தினேன்.

"அப்படித்தான் இருக்கணும். எந்தக் கடிகாரம் தப்புன்னு பதிவாளரம்மா எழுதிக் குடுத்தா போதும், நானே ஸ்டிக்கரை உரிச்சுடுவேன். ஆனா கடிகாரம் தப்புன்னு அவங்களாச் சொல்ல முடியாது. பராமரிக்கிறவரு சொல்லணும்."

"யாரு அந்தப் பராமரிக்கிறவரு?"

அவர் படுக்கையறைப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே என் கணவர் கோபுரக் கடிகாரத்துக்குள் இடுப்புவரை நுழைந்து பல்சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊரிலுள்ள பதினோரு பொதுக் கடிகாரங்களுக்கும் அவர்தான் ஆள். திங்கட்கிழமைதோறும் சாவி கொடுப்பார். பதிவு அலுவலகக் கடிகாரமும் அவர் பொறுப்பு, கம்பெனியின் முத்திரை மெஷினும் அவர் பொறுப்பு. இந்த மனிதரிடம் மணி என்ன என்று கேட்டால் "பத்தரை இருக்கும்" என்று சொல்ல மாட்டார். "பத்து இருபத்தொன்பது, நாப்பது செகண்டு" என்பார். சோறு கேட்க வாய் வராது, தவணை கட்டக் கை வராது, ஆனால் ஒரு கடிகாரம் அரை நிமிடம் பிந்தினால் காய்ச்சல் வந்தவர்போல் ஆகிவிடுவார்.

"என்னங்க, ரெண்டுல எது தப்பு?" என்று கேட்டேன்.

அவர் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே குரல் வந்தது. "ரெண்டும் நான் பாக்கற கடிகாரம். ரெண்டுமே ஓட்டத்துல தப்பு பண்ணாது."

"அப்ப என் மெஷின் போகட்டும்ங்கறீங்களா?"

உள்ளே எண்ணெய்க் குப்பி டக் டக்கென்றது. கோபம் தலைக்கேறினால் எனக்கு 'என்னங்க' போய் 'யோவ்' வந்துவிடும். "யோவ், வெளிய வாய்யா!" என்றேன். வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் கடிகாரத்துக்குள்ளேயே கிடந்தார். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். நான் பாத்திரங்களை எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைத்தேன். பள்ளிச் சீருடை நாற்பத்திரண்டு பாக்கி இருந்தது. சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே காலர் தைத்ததில் இரண்டு காலர் கோணலாகப் போயிற்று.

சனிக்கிழமை காலை சித்தியையும் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகம் போனோம். ஸ்டிக்கர்காரர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார், லீவு போட்டுவிட்டு வந்தாராம். வாசலில் செல்போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டார்கள். அந்த அலுவலகத்தில் அதுதான் வழக்கம். உள்ளே போனால் சுவர்க் கடிகாரம் காட்டுவதுதான் நேரம், வேறு நேரம் கிடையாது. கல்யாணத்துக்குக் கொடுத்த நேரம் பத்தரை என்றால் பத்தரைக்குள் பதிவாளர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் போச்சு, அடுத்த நேரம் மூன்று மாதம் கழித்து.

பதிவாளரம்மா எங்கள் கதையை முழுவதும் கேட்டார். கேட்கும்போதே முத்திரை மைப்பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க. எங்க கடிகாரம் அன்னைக்குச் சரியா இருந்துச்சா இல்லையா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தன் கருவிப் பையைப் பார்த்துப் பேசினார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் பின்னாடி ஓடுச்சு. நான்தான் ஓட வெச்சேன்."

"என்ன!" என்றாள் சித்தி.

"அன்னைக்குப் பத்தே முக்காலுக்குள்ள பணம் கட்டலைன்னா அந்தக் கோபுரக் கடிகாரத்தை உடைச்சிருப்பாங்க. கம்பெனி பத்து மணிக்குத்தான் திறக்கும், பேப்பர் வேலை முக்கால் மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க. பத்தரைக்கு நான் இங்க இல்லைன்னா கல்யாணம் மூணு மாசம் தள்ளிப் போயிடும். எனக்கு அதையும் விட மனசில்ல, இதையும் விட மனசில்ல. காலைல எட்டு மணிக்குச் சாவி கொடுக்க வந்தேன். பெண்டுலத்தைப் பிடிச்சு இருபத்தஞ்சு நிமிஷம் நிறுத்தினேன். அப்புறம் விட்டேன். அடுத்த திங்கக்கிழமை சரி பண்ணிட்டேன்." தொண்டையைச் செருமினார். "இருபது வருஷத்துல ஒரு கடிகாரத்தை நான் பொய் சொல்ல வெச்சது அது ஒண்ணுதான்."

எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தும் பத்து ஐந்துதான் ஆகியிருந்தது. முள் நகர மாட்டேன் என்றது. ஓஹோ, கல்யாணப் பெண் மனசு இப்படித்தான் இருக்கும்போல, ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தெரிகிறது என்று நினைத்து எனக்கு நானே வெட்கப்பட்டேன். நாலு மாதமாக அதைப் பொக்கிஷமாக உள்ளே வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது பெண்டுலம்.

"யோவ்" என்றேன்.

ஸ்டிக்கர்காரர் மட்டும் கைதட்டாத குறை. "அப்ப கல்யாணம் நடந்தது உண்மையில பத்து அம்பத்துமூணு! கடன் பத்து நாப்பது! கடன் முன்னாடி, கல்யாணம் பின்னாடி. அம்மாவுக்குப் பொறுப்பே இல்ல!"

"இருங்க" என்றார் பதிவாளரம்மா. மைப்பெட்டியை மூடினார். "பத்தரைக்குக் குடுத்த நேரத்துக்குப் பத்து அம்பத்துமூணுக்கு வந்தா அது கல்யாணமே இல்ல. நேரம் காலாவதி. கடிகாரம் சரின்னா இவங்க மனைவி, கடன் ரெண்டு பேருக்கும். கடிகாரம் தப்புன்னா இவங்களுக்குக் கடன் இல்ல, கல்யாணமும் இல்ல. எதை எழுதட்டும்?"

சித்தி நெஞ்சில் கைவைத்தாள். "நாலு மாசமா ஒரே வீட்டுல இருக்காங்களேம்மா!"

"வாடகைக்கு இருந்தாங்கன்னு வெச்சுக்குங்க" என்றார் பதிவாளரம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "தப்புன்னே எழுதுங்கம்மா. நடந்தது அதுதான். மெஷின் அவளோடது, அவ ஏழு வருஷ உழைப்பு. அது போகக் கூடாது." சொல்லிவிட்டு அலுவலகச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பல்சக்கரத்தின் பல்லை எண்ணுகிற அந்தக் கை, சாவியை மேசை விளிம்புக்கு நேராக ஒரு தடவை திருப்பி வைத்தது.

பதிவாளரம்மா எழுதினார், முத்திரை குத்தினார். ஸ்டிக்கர்காரர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னைக்குச் சாயங்காலமே வந்து உரிச்சுடறேம்மா" என்றார்.

அவ்வளவுதான். நான் வந்த காரியம் ஜெயித்துவிட்டது. மெஷின் எனக்கு. கடன் அவருக்கு. படுக்கையறையிலிருக்கிற பூதம் அவருக்கு. நான் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய், மெஷினை ஜன்னலோரம் போட்டு, நிம்மதியாக நீட்டிப் படுக்கலாம். சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? இந்த மனுஷன் ஒரே ஒரு தடவைதான் பொய் சொல்லியிருக்கிறான், அது என்னைத் தவறவிடக் கூடாது என்று. இப்போது உண்மையைச் சொன்னதும் எனக்காகத்தான். இந்த ஆளை நான் திட்டாமல் வேறு யார் திட்டுவார்கள்?

"அம்மா, ஒரு சந்தேகம். இன்னைக்கு நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா, அந்தக் கடன் முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் முன்னாடி" என்றார் ஸ்டிக்கர்காரர், அவரைக் கேட்காமலே. "சந்தேகமே இல்ல. முதல் பக்கம்."

"இன்னைக்கு நேரம் காலி இருக்கா?"

பதிவாளரம்மா பதிவேட்டைப் புரட்டினார். "பத்தரைக்கு ஒரு ஜோடி வரவேண்டியது. கீழ படிக்கட்டுலயே சண்டை போட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அந்த நேரம் இருக்கு." பிறகு சுவரைப் பார்த்தார். "இருந்துச்சு. மணி பத்து முப்பத்துமூணு."

"அய்யோ, மூணு நிமிஷம்தானேம்மா!" என்றாள் சித்தி.

"மூணு நிமிஷத்துக்கு ரூல் மாறாது. மூணு மாசம் கழிச்சு வாங்க. நான் கடிகாரத்தைப் பாத்துதான் எழுதுவேன். அதுல என்ன நேரம் இருக்கோ அதுதான்." சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, டீயை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் கணவரைப் பார்த்தேன். "என்னங்க..."

"மாட்டேன். இனிமே ஒரு கடிகாரத்தையும் தொட மாட்டேன்" என்றார்.

"நீங்க தொட வேணாம்." நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். கண்ணாடிக் கதவைத் திறந்து பெரிய முள்ளைப் பின்பக்கமாகத் தள்ளப் போனேன்.

"ஐயோ, பின்னாடி தள்ளாதே!" என்று அலறினார். "மணியடிக்கிற கொக்கி உடைஞ்சு போயிடும்! முன்னாடி மட்டும்தான் தள்ளலாம்!"

"முன்னாடி தள்ளினா எப்படிப் பத்தரைக்கு முன்னாடி போறது?"

"சுத்திக்கிட்டு வரணும். ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தணும். அடிச்சு முடிக்கிற வரைக்கும் முள்ளைத் தொடக் கூடாது. அவசரப்பட்டா மணி கணக்குத் தப்பிடும்."

சுற்றினேன். பதினொன்று அடித்தது. நின்றேன். பன்னிரண்டு அடித்தது. வெளி ஹாலில் நாற்காலிகள் நகர்ந்தன, குமாஸ்தாக்கள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. "மெதுவா, மெதுவா" என்று கீழே நின்று கையைப் பிசைந்தார் என் கணவர். ஐந்து அடித்தபோது காவலாளி வெளி கேட்டைப் பூட்டவே கிளம்பிவிட்டாராம், சித்தி ஓடிப்போய்த் தடுத்தாள். ஏழு அடிக்கையில் எனக்குத் தோள்பட்டை கழன்றது. எட்டில் முள் இறுகிக்கொண்டது. தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் கருவிப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து நீட்டினார். குப்பியைத்தான் தொட்டார், கடிகாரத்தை அல்ல. ஸ்டிக்கர்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே வந்தார். மொத்தம் எழுபத்தெட்டு. பதிவாளரம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவருடைய டீ எப்போதோ தீர்ந்திருக்கும், காலி டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

பத்து அடித்து ஓய்ந்ததும் முள்ளை இருபத்தெட்டுக்கு நகர்த்தி, கதவைச் சாத்தி, இறங்கினேன். உடம்பெல்லாம் வியர்வை, கையெல்லாம் எண்ணெய். என் கணவர் உதட்டை மட்டும் அசைத்தார். அவர் தலைக்குள் எப்போதும் ஒரு கடிகாரம் ஓடும்.

"உண்மையில இப்ப பத்து அம்பத்துமூணு" என்று என் காதருகில் சொன்னார். "மறுபடி அதே இருபத்தஞ்சு நிமிஷம்."

பதிவாளரம்மா திரும்பினார், சுவரைப் பார்த்தார். "பத்து இருபத்தெட்டு. சீக்கிரமே வந்துட்டீங்களே, உக்காருங்க. சாட்சி ரெண்டு பேரு வேணும்."

சித்தி ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி ஸ்டிக்கர்காரர். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பதிவேட்டில் என் பக்கம் ஒரு புதுக் கட்டம் போடச் சொன்னேன். இதற்கு முன்னால் இவர் வாங்கிய எந்தக் கடனுக்கும் நான் பொறுப்பில்லை என்று அதில் எழுத வைத்து, அதற்குக் கீழே எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டேன்.

"ஒண்ணு பாக்கி" என்றார் பதிவாளரம்மா. "போன தடவை தகராறாயிடுச்சு இல்லையா? இந்தத் தடவை பராமரிப்பாளர் வாயாலயே கேட்டு எழுதிடறேன். எங்க கடிகாரம் இப்ப சரியான நேரம் காட்டுதா?"

அறையில் பெண்டுலம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. என் கணவர் நிமிர்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம் பிந்தினாலே காய்ச்சல் வருகிறவர். நெற்றியில் வியர்வை பொடித்தது. வாயைத் திறந்தார், மூடினார். நான் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"சரியா இருக்கும்மா" என்றார். "செகண்டு பிசகாம."

பதிவாளரம்மா முத்திரை குத்தினார். சாவியை அவர் பக்கம் தள்ளினார். "அப்ப பண்ணின தப்புக்கு மூணு மாசம் இந்தக் கடிகாரத்துக்குச் சம்பளம் கிடையாது. திங்கக்கிழமை வந்து வழக்கம்போலப் பாத்துக்குங்க."

படியிறங்கும்போது, அடுத்த தவணை ஐந்தாம் தேதி, அவர் மட்டும்தான் கட்ட வேண்டும், நான் ஒரு காசு கொடுத்தாலும் கடனை நானும் ஏற்றுக்கொண்டதாகக் கம்பெனி பிடித்துக்கொள்ளும், ஜாக்கிரதை என்று ஸ்டிக்கர்காரர் மூன்று தடவை எச்சரித்தார். நான் ஏன் கொடுக்கப் போகிறேன்? ஐந்தாம் தேதிக்குள் அந்தச் சீருடைகளுக்குப் பட்டன் தைத்துத் தர ஒரு ஆளை வைக்கப் போகிறேன், அவ்வளவுதான். கூலி கொடுப்பேன். கூலி வாங்குகிற ஆள் அதை எங்கே கொண்டுபோய்க் கட்டினால் எனக்கென்ன? பல்லை எண்ணுகிற கைக்குப் பட்டன் தைக்க வராமலா போகும்?

அவர் என் பக்கத்தில் நடந்துவந்தார். எங்களுக்குப் பின்னால் அந்தக் கடிகாரம் இருபத்தைந்து நிமிடம் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைவரை அப்படித்தான் ஓடும். ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மணி என்னங்க?" என்று கேட்டேன்.

"பத்தரை இருக்கும்" என்றார்.